உடைந்த பல்லின் விசில்

சீடர் வெல்ஸ், டெக்சஸ்
ஞாயிறு, 25 ஜனவரி 1981

அன்பு மகள் பெர்னடீனுக்கு,

அம்மா எழுதுவது. அலாஸ்கா குளிரில் உன் மூக்கும் விரல்களும் பத்திரமாக இருக்கின்றனவா? இங்கே நானும் அப்பாவும் நலம், அதாவது கை கால் ஆடுகிறது, பசி எடுக்கிறது, காலையில் பூசைக்குப் போய் வந்தோம். அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்கு நேற்றிலிருந்து துணிச்சல் இல்லை. இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு படிக்காதே. உன் அறைக்குப் போய், பூட்ஸைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்து படி. யாரும் சாகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெர்னடீன், உன் அண்ணன் கிடைத்துவிட்டான். ஆறு வருடமாக கிறிஸ்துமஸுக்கு முகவரியில்லாத ஓர் அட்டையைத் தவிர எதுவும் அனுப்பாத எர்வின், நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறான். அப்பாவும் அவனும் என்ன ஆனார்கள் என்று முன்னால் தாவிப் படிக்காதே, வரிசையாகத்தான் சொல்வேன், இல்லாவிட்டால் நீ என்னை நம்ப மாட்டாய். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், போன் சமையலறையில் இருக்கிறது, உன் அப்பாவும் எந்நேரமும் சமையலறையில் இருக்கிறார், சொல்ல வேண்டியதில் பாதி அவரைப் பற்றியது.

சின்னச் செய்திகளை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன், அவை மனதில் கிடந்து உறுத்துகின்றன, ஏன் என்று பின்னால் தெரியும். நீ வாங்கி அனுப்பிய விசிலடிக்கும் கெட்டில் போன மாதம் அடி கருகிப்போனது. அப்பாதான் அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கோழிக்கூட்டிலிருந்து ஓடி வருவதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது, கேட்டால் "பேப்பர் படிக்கிற மனுஷன அடுப்பப் பாத்துக்கச் சொன்னது உன் தப்பு" என்று என்மேலேயே பாய்கிறார். ஓய்வு பெற்றதிலிருந்து கோபம் கூடிவிட்டது என்று உனக்கு எழுதினேனே, நீ போன் செய்தாலும் "ம், ம், சரி" என்று என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாரே, அதேதான். டெலிவிஷனை எதிர்வீட்டுக்கும் சேர்த்து வைக்கிறார். போன கோடையில் ஒரு சில்வண்டுகூடக் கத்தவில்லை, பஞ்சம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், அதை நம்பி உன் எமில் மாமா பயந்துபோய்க் கொட்டகை நிறைய வைக்கோல் வாங்கி அடுக்கிவிட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எர்வின் வீட்டைவிட்டுப் போகக் காரணமான அந்த விருந்தில் நீ இல்லை, நர்ஸிங் படிப்பில் இருந்தாய், ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு விதமாக உனக்குச் சொல்லியிருப்பார்கள், நடந்தது இதுதான். எர்வின் இசைக் கல்லூரி முடித்து வந்து அப்பாவிடம் உதவி பேண்டு மாஸ்டராக இருந்த இரண்டாவது வருடம், வருடக் கடைசி விருந்தில், அப்பா எழுந்து நின்று, தனக்குப் பிறகு பள்ளிக்கூட பேண்டை மகன்தான் நடத்துவான் என்று அறிவித்தார். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். எர்வின் எழுந்து, "எனக்கு வேண்டாம்ப்பா. மாஸ்டர் ஆனா கையில தாளம் காட்டுற குச்சிதான் இருக்கும், ட்ரம்பெட் இருக்காது" என்றான். அப்பா இறைச்சித் தட்டைத் தள்ளிவிட்டு, "அப்படின்னா இனி நீ ஊதறது என் காதுல விழக்கூடாது" என்றார். பெற்ற மகனைப் பார்த்துச் சொன்ன கடைசி வாக்கியம் அது. மறுநாள் காலை எர்வினின் துணிமணியும் ட்ரம்பெட் பெட்டியும் இல்லை. உன் அப்பா அவனைத் தேடவும் இல்லை, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. யுரெச்கா குடும்பத்தில் வாயிலிருந்து விழுந்ததைக் குனிந்து எடுக்கும் வழக்கம் கிடையாதே.

டிசம்பரில் வட்டார பேண்டுக்கான தேர்வு நடந்தது, வழக்கம்போல என்னை ட்ரம்பெட் அறைக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். நீ கிளாரினெட்டை ஆறாம் வகுப்போடு கை கழுவியவள், அந்த அறை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நடுவில் ஒரு திரை, அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் நாங்கள். பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பேசக்கூடாது, செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம்கூட விரித்திருப்பார்கள். இத்தனையும் செய்து என்ன பயன், ஊதினால் தெரிந்துவிடும். பிள்ளையை அல்ல, சொல்லிக்கொடுத்தவரை. தலைமை நடுவர் லீராய் ஹான்செல்கா பட்டாளத்தில் விடியற்காலையில் ஆட்களை எழுப்பும் ஊதலை ஊதியவர், பிறகுதான் பேண்டு மாஸ்டர், அவரிடம் படிக்கும் பிள்ளைகள் தாலாட்டை ஊதினாலும் தூங்குகிறவன் எழுந்து நின்றுவிடுவான். இன்னொரு நடுவர் டட்ச் பாவ்லஸ் நடனக் கூடங்களில் சனிக்கிழமைதோறும் வாசித்து வளர்ந்தவர், அவர் பிள்ளைகளின் சோக கீதத்துக்கும் கால் தானாக ஆடும். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் இடது முழங்கையைத் தூக்கித்தான் ஊதுவார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ தேவாலய மாடத்தில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே என்னை நிறுத்திவைத்தார், வேறு எங்கே முழங்கையை வைப்பது? எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் பேண்டு மாஸ்டர் வேலை தரவில்லை, பெண்பிள்ளைக்குக் குச்சி எதற்கு என்றார்கள், அதனால் முன்னறையில் டியூஷன் எடுத்தே என் காலம் போனது, ஆனாலும் அந்த மாடத்துத் தூண் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறது. நாங்கள் நல்லதைச் சொல்லிக்கொடுக்கிறோம், பிள்ளைகள் எங்கள் கோணலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

பதினேழாம் எண் வந்தது. முதல் இரண்டு வரியிலேயே நல்ல கை என்று தெரிந்தது. மூன்றாவது வரியில் மேலே ஏறும் இடம் இருக்கிறது, அதற்கு முன்னால் மூச்சு எடுக்க வேண்டும். எடுத்தது. "ட்ஸ்" என்று ஒரு சின்ன விசில். பெர்னடீன், என் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்து டட்சின் ஷூவரை உருண்டு போனது. உனக்கு அந்தச் சத்தம் தெரியும். எர்வினுக்குப் பன்னிரண்டு வயதில், கால்பந்தாட்டம் முடிந்து பேண்டுப் பிள்ளைகள் பஸ்ஸில் திரும்பியபோது, எழுந்து நின்று ஊதிக்கொண்டே வந்தான், டிரைவர் பிரேக் போட்டார், ட்ரம்பெட் வாயில் இடித்து முன்பல்லில் ஒரு மூலை போனது. பல் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அழுதான், கட்டினால் ஊத வராதோ என்று பயம். அன்றிலிருந்து மேல் சுரத்துக்குப் போகும்போதெல்லாம் வாயின் இடது ஓரத்தால் மூச்சு இழுப்பான், அந்த உடைந்த மூலையில் காற்று விசிலடிக்கும். நான் கொல்லையில் துணி உலர்த்தும்போது மாடியில் அவன் எந்த வரியில் இருக்கிறான் என்று அந்த "ட்ஸ்" வைத்தே சொல்வேன். உலகத்தில் அந்தப் பல் ஒன்றுதான் இருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் அவனே நிற்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, முப்பது வயது ஆள் பள்ளிக்கூடத் தேர்வுக்கு ஏன் வருவான் என்று யோசிக்கக்கூட மூளை வேலை செய்யவில்லை.

ஊதுகிறவரை அடையாளம் தெரிந்தால் நடுவர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நான் லீராயின் கையைப் பிடித்து, இந்த எண்ணுக்கு என்னால் மதிப்பெண் போட முடியாது என்றேன். "ஏன், பிள்ளை யாருன்னு தெரியுமா?" என்றார். "பிள்ளை யாருன்னு தெரியாது. பல்லு யாருதுன்னு தெரியும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அல்பினா, மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டார். பல்லை அடையாளம் கண்டால் விலக வேண்டும் என்று விதியில் இல்லையாம். டட்ச் தன் தாளில் "மூச்சில் சத்தம்" என்று எழுதி மதிப்பெண் குறைத்தார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஊதியதற்கு மட்டும் மதிப்பெண் போட்டேன், மாதா சாட்சி, ஒரு துளிகூட அதிகமாகப் போடவில்லை. அப்படியும் பதினேழாம் எண்தான் முதலில் வந்தது.

பட்டியலை ஒட்டிய சுவர் அருகே காத்திருந்தேன். பிள்ளைகள் கத்திக்கொண்டும் அழுதுகொண்டும் முட்டி மோதினார்கள். உயரமான ஒரு பெண் வந்து தன் எண்ணின்மேல் விரலை வைத்துவிட்டு அப்படியே நின்றாள், பெயர் கிராசியேலா டிஹெரினா. வாழ்த்துச் சொன்னேன், சிரித்தாள். பெர்னடீன், அவள் வாயில் ஒரு பல்கூடக் கோணல் இல்லை, முத்து கோத்தது மாதிரி இருந்தது. அந்தப் பல்லில் விசில் வர வழியே இல்லை, அவள் நாக்கை மடித்து வேண்டுமென்றே வரவழைத்திருக்கிறாள். ஏன் அப்படி மூச்சு எடுக்கிறாய் என்று கேட்டேன். "அப்படித்தான் மேடம் எடுக்கணும். எங்க சார் அப்படித்தான் எடுப்பாரு" என்றாள். உங்கள் சார் யார் என்றேன். "எர்வ் சார். எங்க ஸ்கூல் பஸ் ஓட்டுறவரு." அங்கிருந்த மேஜையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அது கேக் வைத்திருந்த மேஜை. பஸ் டிரைவர்! கிழக்குக் கடற்கரையில் உதவித்தொகையோடு படித்தவன், அவனுடைய வாசிப்பைக் கேட்டுப் பேராசிரியர் அப்பாவுக்குக் கை கொடுத்தாராம், அந்தப் பிள்ளை பஸ் ஓட்டுகிறான்!

மெல்ல மெல்லக் கேட்டேன், நான் யார் என்று சொல்லவில்லை, சொன்னால் அவன் காதுக்கு எட்டும், மறுபடி ஓடிவிடுவானோ என்று பயம். அவர்கள் ஊரில் பேண்டு மாஸ்டர் நிலைப்பதே இல்லையாம். ஒருவர் இன்ஷூரன்ஸ் விற்கப் போய்விட்டார், அடுத்தவர் தன் மாமனாரின் சவ அடக்க நிலையத்தில் சேர்ந்துவிட்டார், இப்போது சுருக்கெழுத்து டீச்சர் ஒருத்தி, சின்ன வயதில் புல்லாங்குழல் பிடித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக அந்த நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டு அழுதுகொண்டிருக்கிறாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கும் பிள்ளைகளுக்கு எர்வின் பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுக்கிறானாம். பஸ்ஸை ஷெட்டில் நிறுத்தி, ஜன்னல்களை எல்லாம் ஏற்றி மூடிவிட்டு, சீட்டுக்கு ஒருவராக உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுப்பானாம். பள்ளிக்கூட நிர்வாகத்தார் அவனையே மாஸ்டராக வரச்சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டும் மாட்டேன் என்றுவிட்டானாம். ஜன்னலை ஏன் மூடுகிறார் என்று கேட்டேன். "தெரியல மேடம். வெளியில கேக்கக்கூடாதும்பாரு. கோடையில வெந்து செத்துடுவோம்" என்றாள். எனக்குத் தெரியும் ஏன் என்று. அங்கேயே கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நேற்றுவரை நான் பட்ட பாடு இருக்கிறதே. வட்டாரக் கச்சேரி ஜனவரியில். அதில் ஒரு வழக்கம் உண்டு, ஒவ்வொரு வாத்தியத்திலும் முதலிடம் வந்த பிள்ளையின் பெயரை வாசிப்பார்கள், சொல்லிக்கொடுத்தவர் சபையில் எழுந்து நிற்க வேண்டும், ஓய்வு பெற்ற பேண்டு மாஸ்டர் ஒருவர் போய் அவர் சட்டையில் ரிப்பன் குத்துவார். இந்த வருடம் குத்தப் போவது யார் தெரியுமா? உன் அப்பா. நான் என்ன செய்வேன்? சொன்னால் வர மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார். சொல்லாமல் கூட்டிப் போனால், அந்தப் பெண் ஊதும்போது "ட்ஸ்" என்று அவர் காதில் விழும், முழுச் சபைக்கும் நடுவில் எழுந்து வெளியேறிவிட்டால்? என் மகன் அப்பாவின் வார்த்தைக்கு பயந்து ஆறு வருடமாக ஜன்னலை மூடிக்கொண்டு ஊதுகிறான், இது ஒன்றுதான் வாய்ப்பு, இதுவும் கெட்டால் நான் சாகும்வரை இருவரையும் ஒரே மேஜையில் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தது. கசகசா வைத்துச் சுடும் கொலாச்சி ரொட்டியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். அப்பா ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டு, "புதுசா இருக்கு" என்றார். கடைசியில் சொல்லாமலே கூட்டிப்போனேன்.

நேற்று மத்தியானம் கச்சேரி. நாங்கள் முதல் வரிசை. சபையைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் என் கழுத்து சுளுக்கிக்கொண்டது, எர்வின் எங்கும் இல்லை. கிராசியேலாவுக்குத் தனியாக ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். எழுந்து நின்றாள். நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். ஊதினாள், மேலே ஏறப் போனாள், "ட்ஸ்." அப்பா முகத்தில் ஒன்றுமே இல்லை. மறுபடி "ட்ஸ்." தாளத்துக்குக் கால் தட்டிக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, தான் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு சபைக்கே கேட்கும்படி, "பாத்தியா, மூச்சு எடுக்குற சத்தமே வரல. எவன்டி சொல்லிக்குடுத்தான்? வேலை தெரிஞ்சவன்" என்றார். எனக்கு வந்ததே கோபம். என்ன மனுஷன் இவர், தன் பிள்ளையின் மூச்சைக் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி நடிக்க ஒருவருக்கு இவ்வளவு கல் நெஞ்சா என்று அவர் விலாவில் கிள்ளலாம் போல இருந்தது. மாதாவே என்னை மன்னிக்கட்டும்.

ரிப்பன் நேரம் வந்தது. கிராசியேலாவின் பெயரை வாசித்தார்கள், ஆசிரியர் எழுந்து நிற்கவும் என்றார்கள். யாரும் எழவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் மேடையிலிருந்தே, "எங்க சார் உள்ள வரமாட்டேன்னுட்டாரு, பஸ்ல இருக்காரு" என்று சொன்னாள், சபை கொல்லென்று சிரித்தது. லீராய் அடுத்த பெயருக்குப் போகலாம் என்று தாளைப் புரட்டினார். உன் அப்பாவை உனக்குத் தெரியுமே, ஒரு வழக்கம் என்றால் அதைக் கால் மாற்றி வைக்க விடமாட்டார். "பஸ்ல இருந்தா பஸ்ல குத்துறேன்" என்று ரிப்பனை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். மேடையில் பேண்டு, சபையில் அத்தனை ஜனம், நடுவில் இந்த மனுஷன் நடை போடுகிறார், பின்னால் நான் கைப்பையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறேன். கூப்பிட்டுப் பார்த்தேன், "நில்லுங்க, நில்லுங்க" என்று, திரும்பவே இல்லை.

மஞ்சள் பஸ் மைதானத்து ஓரத்தில் நின்றது. அப்பா கதவில் இரண்டு தட்டு தட்டினார். உள்ளேயிருந்து கதவு மடிந்து திறந்தது. டிரைவர் சீட்டில் எர்வின். இளைத்திருக்கிறான், நெற்றி ஏறிவிட்டது, மீசை வேறு. மடியில் அந்தப் பழைய ட்ரம்பெட் பெட்டி. உள்ளே அடுத்த பாட்டுத் தொடங்கிவிட்டது. எர்வின்தான் முதலில் வாயைத் திறந்தான். "உங்க காதுல விழக்கூடாதுன்னுதான்ப்பா உள்ள வரல" என்றான், மெல்லத்தான் சொன்னான். அப்பா, "சத்தமாச் சொல்லு" என்றார். அவன் முகம் கறுத்தது, அதட்டுகிறார் என்று நினைத்துவிட்டான், நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் குறுக்கே விழுந்து, இத்தனை வருஷம் கழித்துமா, வெட்கமாயில்லையா என்று கத்தினேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அப்பா என்னைக் கவனிக்கவே இல்லை. அவர் கண் ட்ரம்பெட் பெட்டியிலேயே இருந்தது. "அந்தப் பொண்ணுக்கு நீயா சொல்லிக்குடுத்த?" என்றார். எர்வின் தலையாட்டினான். "எடு. அவ ஊதுனாளே, மேல ஏறுற வரி, அது. எனக்கு ஊதிக் காட்டு" என்றார்.

உன் அப்பா மன்னிப்புக் கேட்க மாட்டார், அது அவருக்கு வராது, இதுதான் அவருடைய மன்னிப்பு என்று எனக்கும் அவனுக்கும் அந்த நொடியே புரிந்தது. எர்வின் பெட்டியைத் திறந்தான். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் முழங்கையை மடக்கி எடுத்து வாயில் வைத்தான். மூச்சு இழுத்தான். "ட்ஸ்", என் பிள்ளையின் உடைந்த பல், ஒரு துளி மாறவில்லை, எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. ஊதினான், மேலே ஏறினான், மறுபடி "ட்ஸ்." முழு வரியும் ஊதி முடித்தான். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார், முகமெல்லாம் மலர்ந்து, சந்தோஷமாக, "ஏண்டி அல்பினா, பல்ல சரி பண்ணிக்கிட்டானா?" என்று கேட்டார்.

எர்வின் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் ட்ரம்பெட்டை மெல்லக் கீழே இறக்கினான், வாய் திறந்தபடியே இருந்தது. அந்த மூலை போன பல் அங்கேதான் இருந்தது, வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அப்பா அதைப் பார்த்தார். பெர்னடீன், அவர் முகத்திலிருந்த சிரிப்பு எப்படிப் போனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை, ஒரு மனிதர் நம் கண்ணெதிரே தன்னைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்கிறார், அதை நிறுத்த நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முப்பத்திரண்டு வருடம் முரசுக்கும் ஜால்ராவுக்கும் பித்தளைக்கும் முன்னால் நின்ற காது. கெட்டில், டெலிவிஷன், திரும்பிப் பார்க்காதது, உன்னிடம் போனில் "ம், ம்" என்றது, எல்லாவற்றையும் நாம் கோபக் கணக்கில் எழுதிவைத்துவிட்டோம். மெல்லிய சத்தமெல்லாம் அவரைவிட்டு எப்போதோ போயிருக்கிறது, அவருக்கே தெரியவில்லையா, தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லையா என்று நான் கேட்கவும் இல்லை. அன்று விருந்தில் "என் காதுல விழக்கூடாது" என்றாரே, அது இப்படியா பலிக்க வேண்டும்?

அப்பா பஸ் படியில் உட்கார்ந்தார். ரிப்பனைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். எர்வின் சீட்டிலிருந்து இறங்கி வந்து அதே படியில், இருவருக்கும் இடமில்லாத படியில், பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அப்பா அவன் சட்டையில் ரிப்பனைக் குத்தினார், முதல் தரம் கோணலாகப் போனது, பிடுங்கி மறுபடி குத்தினார். பிறகு, "இன்னொரு தடவ ஊதுடா, பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றார், கேட்கிறேன் என்று சொல்லவில்லை. அவன் ஊதினான், அவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு மூச்சுக்கும் தன் விரலால் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார், சரியான இடத்தில், ஒன்றுகூடத் தவறவில்லை. கச்சேரி முடிந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அவர்களை வீட்டில் சேர்க்க வேண்டும் என்று எர்வின் கிளம்பினான். அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வருகிறான், நான் கேட்கவில்லை, அப்பா கேட்டார். நீ எங்கே இருக்கிறாய் என்றே அவனுக்குத் தெரியாது, அலாஸ்கா என்றதும் "பொட்டச்சிக்கு என்ன தைரியம்" என்று சிரித்தான், முகவரியைக் கையில் எழுதிக்கொண்டு போயிருக்கிறான். பஸ் கிளம்பும்போது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, கிராசியேலா உள்ளேயிருந்து ஊதிக்கொண்டே போனாள், ஓடுகிற பஸ்ஸில் ஊதாதே பெண்ணே, பல் போகும் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

இன்று காலை எழுந்து வந்தேன், அப்பா அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அல்பினா, போன கோடையில சில்வண்டு கத்துச்சா?" என்று கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தினமும் கத்தியது, தூங்கவே விடவில்லை என்றேன். அடுப்பைத் தணித்தார். பிறகு, "அப்ப பஞ்சம் வராது. எமில்கிட்ட வைக்கோல வித்துடச் சொல்லு" என்றார்.

நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறவள், காது டாக்டரிடம் இதற்கு ஏதாவது உண்டா என்று கேட்டு எழுது, ஆனால் நான் கேட்கச் சொன்னதாக அப்பாவிடம் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அவரே எடுப்பார், நான் எடுக்க மாட்டேன். கத்தாதே, உன் குரல் மெல்லிசு, மேலே போகப் போக அவருக்குக் கிடைக்காது, டிராம்போன் மாதிரி அடி வயிற்றிலிருந்து தாழ்ந்த குரலில் பேசு, அவர் "ம்" என்றால் இன்னொரு தடவை சொல்லு, போனை வைத்துவிடாதே. கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டிக்கொள். மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா, அல்பினா யுரெச்கா